கம்பி வைக்காத பல்

பயந்தவர்கள் வீட்டில் கடிகாரம் முந்திக்கொண்டுதான் ஓடும். பல்லுக்காரர் வீட்டுக் கூடத்து அலமாரியில் இருந்த கடிகாரம் அன்று காலை ஐம்பது நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது.

கடிகாரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. முந்தின நாள் மத்தியானம் பல்லுக்காரரின் மாமியார், துணி மடித்து வைக்கிற சாக்கில், அதன் முதுகுத் திருகைத் திருகி இருபது நிமிடம் முன்னே தள்ளினார். வேலை முடிந்து வந்த அவர் மகள், அதாவது பல்லுக்காரரின் மனைவி, தன் பங்குக்குக் கால் மணி தள்ளினாள். சாப்பாட்டுக்குப் பிறகு பல்லுக்காரர், சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு, இன்னொரு கால் மணி தள்ளிவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் கை கழுவப் போனார். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. ஆனால் மூன்று பேர் மனதிலும் இருந்தது ஒரே எண்ணம்தான்: வாசலில் நிறுத்துவார்கள். மற்றவர்கள் ஓரிடத்துக்குக் கிளம்பினால் பயண நேரத்தைக் கணக்கிட்டால் போதும். இவர்கள் நிறத்து ஆட்கள் அதோடு வாசல் நேரம் என்று ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பையைப் பிரிக்க, பெல்ட்டைக் கழற்ற, யார், எங்கே, எதற்கு என்று சொல்ல, சொன்னதையே இன்னொரு ஆளிடம் திரும்பச் சொல்ல.

பஸ்ஸில் உட்கார்ந்து, மடியில் இருந்த சின்னப் பெட்டியை மூன்றாம் முறை திறந்து பார்த்து மூடிய பிறகுதான் பல்லுக்காரர் கைப்பேசியில் மணி பார்த்தார்.

"அத்தை, இது ஆறு ஐம்பதுன்னு காட்டுது."

மாமியார் ஒரு கையால் வாயை மறைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "ஏழரைக்குத்தானே மாப்ளே கிளம்பினோம்?"

அதற்குள் மனைவியிடமிருந்து அழைப்பு வந்தது. அவளுக்கு ரொட்டிக் கடையில் பொட்டலம் கட்டும் வேலை. காலை ஷிப்ட். "என்னங்க, கடை ஷட்டரே திறக்கல. காவல்காரரும் நானும்தான் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நிக்கறோம். கடிகாரத்தைத் தொட்டீங்களா?"

"கால் மணி. கால் மணிதான்."

"நானும் கால் மணி வெச்சேனே! மிச்சம் எங்க இருந்து வந்துச்சு?"

பல்லுக்காரர் அத்தையைப் பார்த்தார். அத்தை ஜன்னலைப் பார்த்தார். "இருபது," என்றார் ஜன்னலிடம். பிறகு கைக்குள்ளேயே சிரித்தார். "மூணு பேரும் சேர்ந்து சூரியனையே ஏமாத்தியிருக்கோம்."

பல்லுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

பல்லுக்காரர் என்றால் பல் பிடுங்குகிறவர் அல்ல, பல் செய்கிறவர். டாக்டர்கள் எடுத்தனுப்பும் வாயச்சில் மாவு ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல்லை வரிசையாகப் பதித்து, வேகவைத்து, மெருகேற்றி அனுப்புவது அவர் தொழில். இருபத்திரண்டு வருடமாக ஒரு மாடியறையின் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, முகம் பார்க்காத மனிதர்களின் வாய்க்கு உழைத்துக்கொண்டிருக்கிறார். அந்த மேஜையில் ஒரு நிற அட்டை உண்டு. பதினாறு மாதிரிப் பற்கள், பதினாறு எண்கள். தோலைப் பார்த்து இந்த எண்தான் என்று ஒருவராலும் சொல்லிவிட முடியாது. கறுத்த வாய்க்குள் இருக்கும் அதே மஞ்சள் வெளுத்த வாய்க்குள்ளும் இருக்கும். "ஆண்டவன் வாய்க்குள்ள பாரபட்சமே பார்க்கல, கவனிச்சீங்களா?" என்பார். "பிரசங்கம் ஆரம்பிச்சாச்சு, மிஷினைப் போடுப்பா," என்பார்கள் கூட வேலை செய்பவர்கள்.

அவர் முகம் தெரிந்து செய்த பல் ஒன்றே ஒன்றுதான். அது அத்தையுடையது. மேல்வரிசையில் முன்பற்கள் ஆறு. இரண்டு பக்கமும் மிச்சமிருந்த சொந்தப் பற்களை மெல்லிய கொக்கிக் கம்பி பிடித்துக்கொள்ளும். அத்தை பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் பலகையில் முப்பது வருடம் உட்கார்ந்தவர். பதறி அழைப்பவர்களிடம் வார்த்தையைத் தெளிவாக, நிதானமாகச் சொல்லியே பேர் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகும், வீட்டில் போன் மணி அடித்தால் முதலில் எழுவது அவர்தான்.

நாலு மாதத்துக்கு முன்னால் ரயில் நிலைய வாசலில் அவரை வரிசையிலிருந்து தனியே எடுத்தார்கள். தற்செயல் சோதனை என்றார்கள். கையில் பிடிக்கும் கருவி கன்னத்தருகே போனதும் பீப் என்றது.

"வாய்ல என்ன?"

"பல்லுங்க."

"எடு."

அறுபது பேர் நிற்கிற வரிசை. அத்தை சுவர்ப் பக்கம் திரும்பினார். அப்படித் திரும்பக் கூடாது, இந்தப் பக்கம் பார்த்து எடு என்றார்கள். எடுத்தார். அந்தப் பல் ஒரு தட்டில் உருண்டு போனது, பின்னால் வந்த பெட்டி ஒன்று தட்டை இடித்தது, பல் கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. கையில் கொடுத்த காகிதத்தில் 'சேதம்: பிளாஸ்டிக் துண்டு, ஒன்று' என்று எழுதியிருந்தது. அந்த அரை மணியில் தனியே எடுக்கப்பட்டவர்கள் நாலு பேர். நாலு பேரும் அத்தையின் நிறம்.

"தற்செயலாம். எங்க ஊர்த் தற்செயல் எல்லாம் ஒரே நிறத்துலதான் பிறக்குது போல," என்று அன்று வீட்டுக்கு வந்து சொன்னவர், அதற்குப் பிறகு வாயை மூடிய கையை எடுக்கவில்லை. போன் மணி அடித்தால் எழவும் இல்லை. பல் போனால் சொல் போச்சு என்று சும்மாவா சொன்னார்கள்! ஆனால் புகார் எழுதிப் போட்டார். பணம் வேண்டாம், வாயில் உள்ளதை நாலு பேர் முன்னால் எடுக்கச் சொல்லக் கூடாது, தனியறை தர வேண்டும், யாரைத் தற்செயலாக எடுத்தோம் என்று தினமும் எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். இன்று ஒன்பதரைக்கு விசாரணை. பத்து நிமிடம் பேசலாம். அழைக்கும்போது ஆள் இல்லையென்றாலோ பேசவில்லையென்றாலோ புகார் முடித்துவைக்கப்படும் என்று கடிதத்தில் கண்டிருந்தது. மகள் தான் வந்து பேசுவதாகச் சொன்னாள். "என் வாய்ல நடந்ததை நான்தான் சொல்லணும்," என்றுவிட்டார் அத்தை.

அப்படியானால் பல் வேண்டும். பல்லுக்காரர் செய்தார். செய்ததில்தான் அவருக்கு இந்த நாலு நாளாகத் தூக்கம் கெட்டது.

புதுப் பல்லில் அவர் கம்பி வைக்கவில்லை. கம்பி இருந்தால் கருவி கத்தும். கம்பி இல்லாவிட்டால் கத்தாது. ஆனால் கம்பி வைத்த பல் முளையில் கட்டின பசு மாதிரி நிற்கும். வைக்காத பல் எப்போது வேலி தாண்டும் என்று சொல்ல முடியாது. பிடிக்க ஒட்டுப் பவுடர் தடவ வேண்டும், அதுவும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குத்தான். டாக்டர் கேட்டதற்கு ஏதோ சொல்லிச் சமாளித்தார். அத்தையிடம் சொல்லவே இல்லை. வாழ்க்கையில் முதன்முறையாக அவர் ஒரு வாய்க்காக இல்லாமல் ஒரு கருவிக்காகப் பல் செய்திருந்தார். மெருகேற்றும்போது கை கூசியது.

அத்தை அதற்கு மேல் ஒரு படி போனார். "போட்டுக்கிட்டுப் போக மாட்டேன் மாப்ளே. வாய்ல இருந்தாத்தானே எடுக்கச் சொல்லுவாங்க? பெட்டியில வெச்சு நீங்க கொண்டு வாங்க. உள்ள போய்ப் போட்டுக்கறேன்." ஆகவே இப்போது பல்லுக்காரர் மடியில் பெட்டி. பெட்டிக்குள் பல், நீல டப்பாவில் பவுடர்.

பஸ் இறக்கிவிட்டபோது மணி ஏழு முப்பத்தைந்து. விசாரணைக் கட்டிடம் எட்டரைக்குத்தான் திறக்கும். ஐந்து மாடி, சாம்பல் நிறக் கண்ணாடி, வாசலில் உட்கார ஒரு கல் கூட இல்லை. இருவரும் ஒரு தூணருகே நின்றார்கள். நின்றால் சந்தேகமாகத் தெரியுமோ என்று பல்லுக்காரர் கொஞ்சம் நடந்தார். நடந்தால் அதைவிட மோசமோ என்று நின்றார். கையைப் பையில் விட்டார், எடுத்தார். வாசலில் காட்டுவதற்கென்று அவரிடம் ஒரு சிரிப்பு உண்டு. ரொம்பப் பல் தெரியக் கூடாது, தெரியாமலும் போகக் கூடாது. அதை ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொண்டார்.

"மாப்ளே, நீங்க இப்படித் தாளம் போட்டா எனக்கும் கால் ஆடுது," என்றார் அத்தை.

எட்டு மணிக்கு உயரமான காவலர் ஒருவர் உள்ளிருந்து வந்தார். "அரை மணியா இங்கயே சுத்தறே. என்ன விஷயம்?"

"எட்டரைக்குத் திறப்பாங்கன்னு... ஒன்பதரைக்கு விசாரணைங்க."

"ஒன்பதரைக்கு யாராவது ஏழரைக்கு வருவாங்களா?"

தாமதமாக வந்தால் குற்றம் என்பது பல்லுக்காரருக்குத் தெரியும். சீக்கிரம் வந்ததற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. கடிகாரக் கதையைச் சொல்லலாமா என்று வாயெடுத்தார். அது இன்னும் மோசமாகக் கேட்கும் என்று பட்டது. கடிதத்தைக் காட்டினார். காவலர் அதைப் படித்தார். முன்பக்கம் படித்தார், ஒன்றும் இல்லாத பின்பக்கத்தையும் படித்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

எட்டரைக்குக் கதவு திறக்கும்போது வரிசையில் முதலில் நின்றது இவர்கள். அடுத்து, அப்போதுதான் வந்த ஒரு வயசாளி. வெளுத்த நிறம், சாம்பல் கோட்டு, கையில் ஒரு கட்டுக் காகிதம்.

"சார், நீங்க முன்னாடி வாங்க," என்றார் காவலர்.

கோட்டுக்காரர் தயங்கினார். "இவங்க எனக்கு முன்னாடி நிக்கறாங்களே."

"பரவாயில்ல சார், இவங்களுக்கு நேரமாகும்."

இன்னும் தொடக்கூட இல்லை, நேரமாகும் என்று முன்பே தெரிந்திருக்கிறது. கோட்டுக்காரர் அத்தையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார், மன்னிப்பாக இருக்கலாம். பிறகு காகிதக் கட்டையும் கோட்டுப் பையில் இருந்ததையும் தட்டில் கொட்டிவிட்டு உள்ளே போனார். தட்டு பல்லுக்காரரின் கண்முன்னேதான் போயிற்று. சாவி, மூக்குக் கண்ணாடி, வெள்ளை மூடி போட்ட ஒரு நீல டப்பா. தொழில்காரன் கண்ணுக்கு அது போதும். அதே பவுடர். எக்ஸ்ரே கருவியின் திரை முன்னால் உட்கார்ந்திருந்த இளம்பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அடுத்து பல்லுக்காரரின் பெட்டி போனது. அதை ஏற்றிச் சென்ற ஓடுபட்டை நின்றது. பின்னால் ஓடியது. மறுபடி நின்றது.

"பெட்டியைத் திற," என்றார் காவலர்.

திறந்தார். ஈரத்துணியின் மேல் ஆறு பற்கள் காவலரைப் பார்த்துச் சிரித்தன.

"இது என்ன?"

"பல்லுங்க."

"யாரோட பல்லு?"

"எங்க அத்தையோடது. இவங்கதான்."

"அவங்க பல்லு உன் பெட்டியில எதுக்கு இருக்கு? அவங்க வாய்ல இல்ல இருக்கணும்?"

அத்தை வாயை மூடிய கையோடு ஓரடி முன்னால் வந்தார். குரல் கைக்குள் மழுங்கி வந்தது, ஆனாலும் வந்தது. "வாய்ல இருந்தப்ப ஏன் வாய்ல இருக்குன்னீங்க. இப்ப வாய்ல ஏன் இல்லங்கறீங்க. எங்கதான் தம்பி வெச்சுக்கறது?"

திரைப் பெண்ணின் உதட்டோரம் அசைந்தது. காவலர் அதைக் கவனிக்கவில்லை. அவர் டப்பாவைத் திறந்து, மூக்கில் படாமல் தள்ளிப் பிடித்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பொடியைச் சோதிக்கணும். சோதிக்கற ஆள் பத்து மணிக்குத்தான் வருவார்."

"எங்க முறை ஒன்பதரைக்குங்க."

"நீங்க போகலாம். யார் பிடிச்சாங்க? பெட்டி இங்க இருக்கும்."

"பல்லை மட்டுமாவது..."

"பெட்டின்னா பெட்டிதான். உள்ள இருக்கற எல்லாம் சேர்த்துத்தான்."

பல்லுக்காரர் ஒதுங்கி நின்றார். மணி எட்டு ஐம்பது. அதே டப்பா உள்ளே போயிருக்கிறது என்று சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சொன்னால் யார் நம்புவார்கள் என்று ஒரு பக்கம். நம்பிவிட்டால் அந்த மனிதரைக் காட்டிக் கொடுத்ததாகுமே என்று மறுபக்கம். தன்மேல் விழுந்ததை இன்னொருவர் மேல் தள்ளிவிட்டு நல்லவனாவது அவருக்கு வராது. பல்லைக் கடித்துக்கொண்டார். ஒன்பதாயிற்று. ஒன்பது ஐந்தாயிற்று. எப்படிப்பட்ட கோழை நான், ஒரு கருவி கத்திவிடுமே என்று கம்பியை விட்டேன், கம்பி இருந்தால் பவுடரே வேண்டாம், பவுடர் இல்லையென்றால் நிறுத்த ஒன்றுமே இல்லை என்று மனது சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தது. ஆண்டவனே, ஒரு சின்ன வழி காட்டு என்று வேண்டினார். பெரிய வழி கேட்க அவருக்குத் துணிவில்லை.

உள்ளே, கூடத்தில், சாம்பல் கோட்டுக்காரர் இன்னும் மாடிக்குப் போகவில்லை. தண்ணீர் குடிக்கிற பாவனையில் குழாயருகே நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மாடிப்படிவரை போனார், திரும்பினார். இன்னொரு தரமும் போனார். அவருக்கும் கால் நிலைகொள்ளவில்லை. கடைசியில் விறுவிறுவென்று வாசலுக்கே திரும்பி வந்தார்.

"சார், அது உள்ள வர்ற வழி. வெளிய போற வழி அந்தப் பக்கம்."

"வெளிய போகல." அவர் கோட்டுப் பையிலிருந்து நீல டப்பாவை எடுத்து, மேஜையில், பல்லுக்காரரின் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். "இதையும் சோதிங்க."

காவலர் இரண்டையும் பார்த்தார். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. "உங்களுது வேண்டாம் சார்."

"ஏன் வேண்டாம்?"

"உங்களுது... செலக்ட் ஆகல சார்."

"ஒரே பவுடர், ஒரே டப்பா. அவங்களுதுல என்ன, குண்டா இருக்கு?"

"சார்! இந்த இடத்துல அந்த வார்த்தையெல்லாம் சொல்லக் கூடாது."

"பார்த்தீங்களா? அவர் சொல்லியிருந்தா இந்நேரம் தரையில குப்புறப் படுக்க வெச்சிருப்பீங்க. நான் சொன்னா 'சொல்லக் கூடாது சார்'." கோட்டுக்காரரின் காதுகள் சிவந்திருந்தன. "நான் ஒண்ணும் வீரன் இல்லங்க. வரிசையில முன்னாடி வான்னு கூப்பிட்டீங்க, வந்துட்டேன். அந்த அம்மாவைத் தாண்டி வந்துட்டேன். அதுதான் தொண்டையில நிக்குது, தண்ணி குடிச்சாலும் இறங்கல."

பிறகு டப்பாவைத் திரும்பக் கையிலெடுத்தார். "ஒப்படைக்கறதுக்கு முன்னாடி ஒரு சிட்டிகை எடுத்துக்கலாமில்ல? என் பல்லு சாயங்காலம் வரைக்கும் நிக்கணுமே." காகிதக் கட்டில் ஒரு ஓரத்தைக் கிழித்து, அதில் கொஞ்சம் பவுடரைத் தட்டி, மடித்தார். ஒரு சிட்டிகை இல்லை, மூன்று நாலு இருக்கும்.

அப்போது திரைப் பெண் எழுந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. "அண்ணே, பொடி இருந்தா பொடியைத்தான் பிடிச்சு வைக்கணும். கூட இருக்கற பொருளை விடலாம். விதியில அப்படித்தான் இருக்கு."

"நீ திரையைப் பாரும்மா."

"திரையிலதான் பார்த்தேன் அண்ணே. ரெண்டு டப்பாவும் ஒரே மாதிரிதான் தெரிஞ்சுது. முதல்ல போனதுக்கு நான் நிறுத்தல. அது என் தப்பு." புதுக் கையுறை மாட்டிக்கொண்டாள். பல்லை ஈரத்துணியோடு அப்படியே இரண்டு கையாலும் தூக்கினாள், கூட்டிலிருந்து குஞ்சை எடுப்பதுபோல. பக்கத்துச் சிறிய அறையின் கதவைத் திறந்து, "அம்மா, இங்க வாங்க. உள்ள தாழ்ப்பாள் இருக்கு. நான் வெளிய நிக்கறேன்," என்றாள்.

அறைக்குள் போகும்முன் அத்தையின் கையில் காகித மடிப்பு ஒன்று ஏறியது. "என்னுது காலையிலேயே தடவியாச்சு," என்றார் கோட்டுக்காரர் மெதுவாக. "கெட்டியா நிக்குது."

அத்தை திரும்பி வந்தபோது கை வாயில் இல்லை. நாலு மாதத்துக்குப் பிறகு முழு முகம். திரைப் பெண்ணிடம் டெலிபோன் பலகைக் குரலில் கேட்டார்: "அம்மாடி, ரெண்டு டப்பாவுக்கும் தனித்தனியா ரசீது எழுதிக் குடு. எதனால பிடிச்சு வெச்சீங்கன்னு ஒரு இடம் இருக்குமே, அதையும் நிரப்பிக் குடு."

அவள் எழுதினாள். ஒன்றில் 'தற்செயல் தேர்வு'. மற்றதில் 'உரிமையாளர் தாமே கேட்டுக்கொண்டதால்'. கோட்டுக்காரர் தன் ரசீதையும் அத்தையிடம் நீட்டினார். "எனக்கு எதுக்கு? நீங்க வெச்சுக்குங்க."

விசாரணை அறையில் நீள மேஜை, மூன்று பேர், சுவரில் சரியான நேரம் காட்டும் ஒரு கடிகாரம். ஒன்பது முப்பத்திரண்டுக்கு அத்தையை அழைத்தார்கள். பல்லுக்காரர் பின் நாற்காலியில் உட்கார்ந்தார். மற்றவர்கள் அத்தை சொல்வதைக் கேட்டார்கள். அவர் அத்தையின் தாடையைக் கேட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் பல் எவ்வளவு எழும்புகிறது, எங்கே உட்காருகிறது என்று அவருக்குத் தெரியும். தானே பிடித்து நிறுத்துவதுபோல் தன் நாக்கை மேலண்ணத்தில் அழுத்திக்கொண்டிருந்தார். அத்தை அவசரப்படவில்லை. வரிசை, கருவி, சுவர், தட்டு. நாலு பேரைத் தனியே எடுத்தார்கள், நாலு பேரும் இந்த நிறம் என்று தன் கையைத் திருப்பிக் காட்டினார். ஏழாவது நிமிடத்தில் பல் நழுவியது. அத்தை கட்டைவிரலால் மேலே அழுத்தினார். "ஒரு நிமிஷம்," என்றார். மறைத்துக்கொள்ளவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

கடைசியாக இரண்டு ரசீதுகளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

நடுவில் இருந்தவர் எடுத்துப் பார்த்தார். "இது ரயில் நிலையத்து ரசீது இல்லையே."

"இல்லங்க. இது இன்னிக்குக் காலையில, உங்க வாசல்ல."

அவர் ஒரு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளினார். நகல் எடுத்துப் புகாரோடு சேர்க்கச் சொன்னார். முடிவு முப்பது நாளுக்குள் கடிதமாக வரும் என்றார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவும் இல்லை, பூமாரி பொழியவும் இல்லை. ஆனால் எழுந்து நின்று, "வந்து சொன்னதுக்கு நன்றிம்மா," என்றார். அது அவர் எல்லோருக்கும் சொல்வதாகவும் இருக்கலாம்.

கீழே வாசலில் டப்பாக்கள் இரண்டும் மேஜையில் அப்படியே இருந்தன. பத்து மணியாகியும் சோதிக்கிற ஆள் வந்தபாடில்லை. கோட்டுக்காரர் சுவரோரம் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து அவற்றுக்குக் காவல் இருந்தார்.

"உங்க வேலை?" என்று கேட்டார் பல்லுக்காரர்.

"மத்தியானம் வரச் சொல்லிட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரன் சுவர் விவகாரம். சுவர் எங்க போகப் போகுது?" சிரித்தார். பல்லுக்காரரால் சும்மா இருக்க முடியவில்லை, குனிந்து பார்த்தார். "நம்ம பட்டறை இல்லீங்க. ஆனா நல்ல கை. பதினோராம் நம்பர் நிறம். எங்க அத்தைக்கும் அதேதான்."

"அப்படியா?" கோட்டுக்காரர் அத்தையைப் பார்த்தார். "அப்ப நாம ஒரே நிறம்தான் போல."

"வாய்க்குள்ள மட்டும்," என்றார் அத்தை. இரண்டு பேரும் சிரித்தார்கள். காவலர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். திரைப் பெண் பட்டையில் அடுத்த தட்டை நிறுத்தி, நிமிர்ந்து, வந்தவரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

பஸ் நிறுத்தத்தில் வெயில் ஏறியிருந்தது. பல்லுக்காரர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். சொல்லிவிட வேண்டும் என்று நாலு நாளாக உள்ளே அரித்தது.

"அத்தை, அந்தப் பல்லுல..."

"கம்பி இல்ல," என்றார் அத்தை.

"தெரியுமா?"

"நாக்குக்குத் தெரியாதா மாப்ளே? போட்டுப் பார்த்த அன்னிக்கே தேடிச்சு. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

"கருவி கத்துமேன்னுதான்... அத்தைக்கு மறுபடி ஒரு அவமானம் வேண்டாம்னு..." தரையைப் பார்த்துச் சொன்னார்: "தப்புப் பண்ணிட்டேன். தொழிலுக்கே பண்ணின தப்பு."

அத்தை அவர் முழங்கையைத் தொட்டார். "பாசத்துல பண்ணினது. நானும்தான் பல்லைப் பெட்டியில வெச்சேன். எல்லாரும் சேர்ந்துதான் கடிகாரத்தைத் திருகினோம்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கே அச்சு எடுத்துடுங்க. ரெண்டு பக்கமும் கம்பி வெச்சு, முன்ன இருந்த மாதிரியே. கத்தினா கத்தட்டும். என்னன்னு கேட்டா சொல்றதுக்கு வாய் கெட்டியா இருக்கணுமில்ல."

வீட்டுக்கு வந்ததும் பல்லுக்காரர் முதலில் அலமாரிக் கடிகாரத்தை எடுத்தார். முதுகுத் திருகை மெல்லப் பின்னால் சுற்றினார். அத்தையின் இருபது போயிற்று. மனைவியின் கால் மணி போயிற்று. தன் கால் மணிக்கு வந்ததும் விரல் நின்றது. நாளை வேலைக்குப் போக ரயில் நிலைய வாசலைத் தாண்ட வேண்டும். முப்பது நாள் கழித்து வரும் கடிதம் நாளைக் காலைக்கு உதவாது.

"மாப்ளே, கால் மணி மிச்சம் இருக்கு," என்றார் அத்தை, பின்னாலிருந்து.

"இருக்கட்டும் அத்தை. கடிதம் வரட்டும்."

அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு, தொழில் பையிலிருந்து கம்பிச் சுருளையும் இடுக்கியையும் எடுத்துக்கொண்டு ஜன்னலருகே உட்கார்ந்தார். பழைய பல்லின் இரண்டு துண்டுகளையும் துணியிலிருந்து பிரித்து, கொக்கி வளைந்திருந்த விதத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு விரற்கடைக் கம்பியை நறுக்கினார். அந்த வேளையில் கூடத்தில் போன் மணி அடித்தது. அவர் எழுவதற்குள் அத்தை எழுந்து போயிருந்தார்.